பேஸ்பால் மைதானத்தில் பக்கத்து இருக்கைக்காரர்: மனதை விட்டுப் போகாத சந்திப்புகள்

ஈஸ்ட்பே_வாசி

2024 செப்டம்பர் 26, ஓக்லாந்து கொலிசியம். ஊர் அணியான அத்லெட்டிக்ஸ் அங்கே ஆடிய கடைசி ஆட்டம். அணி ஊரை விட்டு ஏன் போனது என்ற கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. பகல் ஆட்டம். லீவு போட்டுவிட்டு ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலில் போனேன். 46,889 பேர். உட்கார இடம் தேடி அலைந்து ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் ஸ்கோர் நோட்டு, கையில் பல்லால் கடித்துக் கடித்து மழுங்கிய பென்சில்.

ஓக்லாந்து துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1968இல் அணி கன்சாஸ் சிட்டியிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். முதல் இன்னிங்ஸிலிருந்தே பேச ஆரம்பித்துவிட்டார். முட்டி வலி, மாத்திரை விலை, வாடகை கட்ட முடியாமல் மகன் ஸ்டாக்டனுக்குப் போனது, நவம்பர் தேர்தலில் யாருக்குப் போடுவது என்று வீட்டில் மனைவியோடு நடக்கும் சண்டை, எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் பந்து விழுந்தால் மட்டும் பேச்சு நிற்கும், நோட்டில் ஒரு கோடு போடுவார், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். ஆட்டத்துக்கு முன் அணியின் பழைய நட்சத்திரம் ரிக்கி ஹெண்டர்சன் வந்து முதல் பந்தை எறிந்தபோது எழுந்து நின்று தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே ரிக்கி இறந்த செய்தி வந்தது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் பெரியவர்தான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ். 3-2 என்று நம் அணி முன்னால். இரண்டு அவுட் ஆகிவிட்டது. மொத்தக் கூட்டமும் நிற்கிறது, டிரம் சத்தம் காதைப் பிளக்கிறது. நான் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் முழங்கையைத் தொட்டு, "கடைசிக் கட்டத்தை நீ எழுது, என் கை நடுங்குகிறது" என்றார். நான் திரும்பாமலே "ஒரு நிமிஷம்" என்றேன்.

அவ்வளவுதான். ஆட்டம் முடிந்தது, எல்லாரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் திரும்பியபோது நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். என் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார். அந்த வீடியோ 41 விநாடி. அவர் கேட்பது அதில் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை.

உங்களுக்கும் இப்படி யாராவது இருக்கிறார்களா? எழுதுங்கள்.

லேக்வியூ

இருக்கிறார். ஆனால் இருக்கையில் இல்லை, சுவரோரம்.

2016, சிகாகோ அணி கப்ஸ் உலகத் தொடர் பட்டத்தை ஜெயித்த மறுநாள். 108 வருடக் காத்திருப்பு, கிளீவ்லாந்தில் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், நடுவில் 17 நிமிட மழை, இதெல்லாம் தெரிந்ததே. ரிக்லி மைதானத்தின் வெளிச் செங்கல் சுவரில் ஜனங்கள் சாக்பீஸால் பெயர் எழுத ஆரம்பித்திருந்தார்கள். வெற்றியைப் பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தா, பாட்டி பெயர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற வழியில் நானும் நின்றேன். கைக்கெட்டிய உயரம் முழுக்க நிரம்பிவிட்டது. ஐம்பது வயது இருக்கும், ஓர் அம்மா என்னிடம் வந்து, "நீ உயரமாக இருக்கிறாய், என் அப்பா பெயரை மேலே எழுதுவாயா?" என்றார். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

எழுதி முடித்ததும் தானாகவே பேசினார். அப்பா எஃகு ஆலைத் தொழிற்சங்கக்காரர், ஆயுள் முழுக்க ஜனநாயகக் கட்சி. மகள் அந்த வருடம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டார். இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் தினமும் ராத்திரி அப்பா போன் பண்ணுவாராம். ஸ்கோரைச் சொல்வார், யார் நன்றாகப் பந்து எறிந்தான் என்று சொல்வார், வைத்துவிடுவார். "சாப்பிட்டாயா" என்றுகூடக் கேட்க மாட்டார். ஆகஸ்டில் ஒரு நாள் போன் வரவில்லை.

அப்புறம் என்னைப் பார்த்து, "செவ்வாய்க்கிழமை நீ யாருக்கு?" என்றார். நான் ஹெச்1பி விசாவில் இருக்கிறேன், எனக்கு ஓட்டு கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் இந்த வாரம் நான் நிம்மதியாகப் பேசக்கூடிய ஒரே ஆள் நீதான்" என்றார்.

அந்த சாக்பீஸ் துண்டைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. நான் என் அப்பா பெயரைத் தமிழில் எழுதினேன். அவர் பேஸ்பால் பார்த்ததே இல்லை, டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை கேட்பவர். எங்களுக்குள்ளும் கடைசி சில வருடம் ஸ்கோர் மட்டும்தான் ஓடியது. அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வரிகட்டுபவன்

ஈஸ்ட்பே சகோ, உங்கள் பெரியவர் கதை மனதைத் தொட்டது. ஆனால் "அதற்குள் போகவில்லை" என்று தாண்டிவிட்டீர்களே, போக வேண்டிய இடமே அதுதான். அந்த மனுஷரிடமிருந்து அணியைப் பிடுங்கியது விதி இல்லை, பணக்கணக்கு.

என் சந்திப்பு சின்னது. 2023 ஜூன் 13, அதே கொலிசியத்தில் ரசிகர்களே கூப்பிட்டுச் சேர்த்த கூட்டம். "ரசிகர் வரவில்லை, அதனால் போகிறோம்" என்ற பேச்சுக்குப் பதில் சொல்ல 27,759 பேர் வந்தோம். வாகன நிறுத்துமிடத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி பச்சை டீ-சட்டையை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரே வார்த்தை: விற்றுவிடு. "யாருக்கு விற்க வேண்டும்?" என்று கேட்டேன். "எங்களை விட்டுப் போகாதவர் யாராக இருந்தாலும்" என்றாள். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். எந்த அணித் தொப்பி போடுகிறாளோ.

அன்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம், 2-1 என்று ஜெயிக்கவும் செய்தோம். இரண்டு நாள் கழித்து நெவாடா ஆளுநர் 38 கோடி டாலர் பொதுப்பணத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அத்லெட்டிக்ஸ் போகும் லாஸ் வேகஸ் மைதானத்துக்காக. பள்ளிக்கூடத்துக்குப் பணம் இல்லை என்று அதே மாநிலத்து ஆசிரியர்கள் குறுக்கே நின்றார்கள், பலனில்லை. இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. அணி உரிமையாளர் ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஏலத்தில் மோதவிடுவார். மைதானம் வந்தால் வேலை வரும், கடை வரும், வரி வரும் என்பார்கள். பொருளாதார ஆய்வாளர்கள் பல வருடமாக ஆராய்ந்து சொல்வது, போட்ட பொதுப்பணம் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பி வருவதில்லை என்பதுதான். ஒரு குடும்பம் பொழுதுபோக்குக்கு ஒதுக்கும் பணம் அளவானது. மைதானத்தில் செலவு செய்தால் பக்கத்துத் தெரு ஓட்டலில் குறையும், அவ்வளவுதான். ஓக்லாந்து அந்த ஏலத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. விலையாகக் கூடைப்பந்து அணி வாரியர்ஸ் 2019இல் பாலம் தாண்டி சான் பிரான்சிஸ்கோ போனது, அமெரிக்கக் கால்பந்து அணி ரெய்டர்ஸ் 2020இல் வேகஸ் போனது, கடைசியாக இது. ஐந்தே வருடத்தில் மூன்று அணி. அந்த ஊர் தன் கஜானாவைக் காத்ததற்குத் தண்டனை இது. நான் ஊரைக் குறை சொல்ல மாட்டேன். யாராவது சொன்னால் வாருங்கள், பேசலாம்.

ஸ்கோர்_நோட்டு

எனக்குப் பெரிய கதை எதுவும் இல்லை. மில்வாக்கியில் ஒரு முறை பக்கத்துப் பாட்டி, நான் ஸ்கோர் எழுதுவதைப் பார்த்து, "என் வீட்டுக்காரரும் ஆங்கில 'கே' எழுத்தைத் திருப்பித்தான் எழுதுவார்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஒன்றுதான்.

ஆனால் ஈஸ்ட்பே நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்று போனை இறக்கியிருந்தாலும் எழுதத் தெரிந்திருக்குமா? அதனால் எல்லாரும் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. வீரரின் சட்டை எண்ணை மறந்துவிடுங்கள். நிற்கிற இடத்துக்குத்தான் எண். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, பிறகு வெளிமைதானம் இடமிருந்து வலமாக 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப்பைத் தாண்டித்தான் மூன்றாவது பேஸ் இருக்கிறது, பின் ஏன் அவர் 6 என்று குழம்பாதீர்கள், பழக்கத்தில் வந்த முறை. தரையில் உருண்ட பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் 6-3. இரண்டு பேரை ஒரே பந்தில் காலி செய்தால் 6-4-3 மாதிரி. மட்டையை வீசி ஏமாந்து அவுட் ஆனால் 'கே', வீசாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனால் 'கே'யைத் திருப்பிப் போடுவார்கள். அந்தப் பாட்டி சொன்னது இதைத்தான். வைரம் மாதிரிக் கட்டத்தில் ஓடிய பேஸ்களுக்கு மட்டும் கோடு, ரன் ஆனால் உள்ளே கறுப்பாக நிரப்புவது. பேனா வேண்டாம், பென்சில்தான், ஏனென்றால் நடுவர் தீர்ப்பு மாறும். இப்போது பந்து எறிய நேரக்கெடு வைக்கும் பிட்ச் கடிகாரம் வேறு வந்துவிட்டது, 2022இல் சராசரியாக மூன்று மணி நாலு நிமிடம் ஓடிய ஆட்டம் மறுவருடமே இரண்டு மணி நாற்பதுக்கு வந்துவிட்டது, அதனால் ஒரு வீச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே எழுத அவ்வளவு நேரமும் கிடைக்காது, கை பழக வேண்டும். இடது கைப்பழக்கம் உள்ளவர்கள் மேலே சுருள் கம்பி வைத்த நோட்டு வாங்குங்கள்.

அந்தப் பெரியவர் கட்டத்தைக் காலியாக விட்டாரா, அவரே நிரப்பினாரா? வீடியோவில் தெரிகிறதா?

மயிலிட்டியான்

நான் ரொறன்ரோ. 2025 நவம்பர் முதலாம் திகதி உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்கட புளூ ஜேஸ் அணி பதினொராவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்ற இரவு, மகன் ரீவியை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தான். எனக்கு 1993தான் ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

1991இல் வந்தேன். நகரத்து நடுவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். எங்கட ஆட்கள் அந்தக் காலத்தில் பாதிப்பேர் அந்த வேலைதான். சமையல்காரர்களில் ஒருவர் கனடாவின் கிழக்குத் தீவான நியூஃபவுண்ட்லாந்துக்காரர், நாற்பது வயது மட்டில். கத்தி பிடிக்கிற கையைப் பார்த்த உடனேயே எனக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. மீனின் செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்து ஒரே இழுவையில் எடுப்பார். என்ர அப்பாவும் அப்படித்தான். கடலில் வளர்ந்த கை.

1993 ஒக்ரோபர் 23, சனிக்கிழமை இரவு. ஜோ காட்டர் அடித்த அந்த ஹோம் ரன். ரேடியோவில் கேட்டோம். 6-5 என்று பின்னால் நின்று 8-6 என்று உலகத் தொடரையே முடித்த அடி. உணவகம் முழுக்க எழும்பி யங் வீதிக்கு ஓடியது. ஈரக் கையோடு நானும் கதவு வரைக்கும் போனேன். அவர் மட்டும் போகவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நாட்டுக்குத் தேர்தல். "யார் வந்தாலும் மீன் வராது" என்றார். 1992 ஜூலையில் அரசாங்கம் கொட் மீன் பிடிக்கத் தடை போட்டுவிட்டது, மீன் இனமே தீர்ந்துபோகிற நிலை. முப்பதினாயிரம் பேருக்கு மேல் ஒரே நாளில் தொழில் போனது. ஐந்நூறு வருடம் பிடித்த மீன். அவர் படகை அப்படியே கரையில் விட்டுவிட்டு வந்தவர். மேசையில் சிந்திக்கிடந்த மாவில் விரலால் தன்ர கரையைக் கீறிக் காட்டினார்.

நான் பக்கத்தில் என்ர கரையைக் கீறினேன். யாழ்ப்பாணத்து மயிலிட்டி, காங்கேசன்துறை, மேலே கடல். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் "என்ர கடலும் பூட்டிக் கிடக்கிறது" என்றேன். அவர் என்னை வடிவாகப் பார்த்தார். "உங்கட கடலிலும் மீன் தீர்ந்துபோய்விட்டதா?" என்று கேட்டார்.

எங்கட கடலில் மீன் நிறைய இருந்தது. 1990இல் இராணுவம் வந்தது, ஊரோடு எழும்பினோம், கடலுக்குப் போக முடியாது. மீன் இருக்கிறது ஐயா, போகத்தான் ஏலாது என்று சொல்ல என்னிடம் ஆங்கிலம் இல்லை. தலையை ஆட்டிவிட்டேன். ஓம், தீர்ந்துவிட்டது என்று. அவர் என்ர தோளில் கை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. வெளியே கார் ஹோர்ன் விடிய விடியக் கேட்டது.

அந்த மாரிக்குள்ளேயே அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள். 2024இல் கொட் தடையும் நீங்கிவிட்டது என்று செய்தியில் கண்டேன். இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பார். அவருக்குப் பொய் சொல்லிவிட்டேன் என்பது முப்பத்திரண்டு வருடமாக உள்ளே கிடக்கிறது.

கரோலினா_அப்பா

எல்லாம் சரி, ஆனால் திரி எங்கே போகிறது பாருங்கள். லேக்வியூ ஓட்டுக் கதை, வரிகட்டுபவன் கஜானாக் கதை. என் அனுபவம் நேர் எதிர். அட்லாண்டாவில் என் ஆறு வயது மகளின் முதல் ஆட்டம். பின்வரிசையில் இரண்டு பேர் ஜார்ஜியாவின் தேர்தல் சட்டத்தைப் பற்றி ஆரம்பித்தார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து 2021 ஆல்ஸ்டார் ஆட்டத்தை ஜார்ஜியாவிலிருந்து டென்வருக்கு மாற்றியது சரியா தப்பா என்று. மூன்றாவது இன்னிங்ஸில் ஒருவர் பானத்தை வீச, அது என் மகள் முதுகில். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கையில் இருந்த கையுறையை மட்டும் சட்டைக்குள் மறைத்துக்கொண்டாள், நனையாமல் இருக்க. இப்போது கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். விளையாட்டை விளையாட்டாக விடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்ஏ_தேவி

கரோலினா அண்ணா, குழந்தைக்கு நடந்தது கொடுமை. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் விளையாட்டைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியும் என்பதை ஏற்க முடியவில்லை. நிறத்தடையை உடைத்த கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனின் சட்டை எண் 42ஐ வருடா வருடம் ஏப்ரல் 15 அன்று எல்லா வீரரும் போடுகிறார்களே, அது என்ன?

டாட்ஜர் மைதான வாகன நிறுத்துமிடத்தில் எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிகன் பாட்டி, பேரன் கையைப் பிடித்தபடி நின்றார். காலால் தாரைத் தட்டி, "என் பெரியம்மா வீட்டு எலுமிச்சை மரம் இங்கேதான் எங்கேயோ இருந்தது" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. மைதானம் இருக்கும் சாவேஸ் ரவீனில் முன்பு மூன்று குடியிருப்புகள் இருந்தன: பாலோ வெர்டே, லா லோமா, பிஷப். ஏழைகளுக்கு அரசு வீடு கட்டித் தருகிறோம் என்று 1950களில் ஜனங்களைக் காலி செய்தார்கள். வீடு வரவில்லை. 1959இல் மிச்சமிருந்த குடும்பத்தைப் போலீஸ் தூக்கி வெளியேற்றியது. 1962இல் மைதானம் திறந்தது. பாட்டி குடும்பத்தில் பத்தொன்பது வருடம் யாரும் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லையாம். 1981இல் மெக்சிகோவின் சொனோராவிலிருந்து இருபது வயதுப் பையன், ஃபெர்னாண்டோ வலென்சுவேலா, வானத்தைப் பார்த்துக்கொண்டே பந்து எறிந்தபோதுதான் அவருடைய அப்பா, "சரி, போவோம்" என்றாராம். அன்றும் காரை நிறுத்திவிட்டு அப்பா அரை மணி நேரம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அந்தப் பாட்டி முதுகில் ஃபெர்னாண்டோவின் எண் 34. அவரைப் பார்த்து "விளையாட்டை மட்டும் பேசுங்கள்" என்று நான் எப்படிச் சொல்வேன்?

துறைமுகத்தெரு

பால்டிமோர், 2015 ஏப்ரல் 29. போலீஸ் காவலில் காயப்பட்ட கறுப்பின இளைஞர் ஃப்ரெடி கிரே சாவுக்குப் பின் ஊர் எரிந்த வாரம். ரசிகர்களை உள்ளே விடாமல் ஊர் அணி ஓரியோல்ஸ் ஆடிய ஆட்டம். மதிய உணவு நேரத்தில் கம்பி வேலிப் பக்கம் போய் நின்றேன். 45,000 பேருக்கான மைதானத்தில் ஒருவரும் இல்லை. மட்டையில் பந்து பட்ட சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தது. பக்கத்தில் மருத்துவமனைச் சீருடையில் ஒரு கறுப்பினப் பெண், ராத்திரி வேலை முடிந்து வந்தவர். ஹோம் ரன் போனபோது அவர் மட்டும் மெதுவாக மூன்று முறை கைதட்டினார். பிறகு என்னிடம், "இப்போதாவது எங்கள் தெரு எப்படி இருக்கிறது என்று இவர்களுக்குக் கேட்கும்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அமைதியைச் சொன்னாரா, காலியாகக் கிடப்பதைச் சொன்னாரா.

கரோலினா_அப்பா

தேவி, பாட்டி கதையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். "எலுமிச்சை மரத்தை வெட்டினார்களா, பிடுங்கி வேறு இடத்தில் நட்டார்களா?" என்று கேட்கிறாள். உங்களுக்குத் தெரியுமா?

எல்ஏ_தேவி

கேட்கவில்லை அண்ணா. கேட்டிருக்க வேண்டும்.

ஈஸ்ட்பே_வாசி

எல்லாருடையதையும் இரண்டு முறை படித்தேன். மயிலிட்டியான் ஐயா, நீங்கள் தலையாட்டியதைப் பொய் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த மேசையில் வேறென்ன பதில் சொல்லியிருக்க முடியும்?

வரிகட்டுபவன், அந்தப் பெரியவரும் நெவாடா பணத்தைப் பற்றிச் சொன்னார். கோபமே இல்லாமல், கிரேன் வேலை பார்த்த நாட்களைச் சொன்ன அதே குரலில். அதனால்தான் எழுதாமல் விட்டேன்.

ஸ்கோர்_நோட்டு, நீங்கள் கேட்டதால் நேற்று ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தேன். இத்தனை நாள் சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தேன், ஓரத்தைப் பார்த்ததில்லை. அவர் கேட்டது பன்னிரண்டாவது விநாடியில். அங்கிருந்து படத்தின் கீழ் மூலையில் பென்சில் முனை தெரிகிறது, என் பக்கம் நீட்டியபடி. கடைசி அவுட் விழுகிறது, எல்லாரும் குதிக்கிறார்கள், படம் ஆடுகிறது. மறுபடி நிற்கும்போது பென்சில் அங்கேயே இருக்கிறது. முப்பத்தெட்டாவது விநாடி வரை இருக்கிறது.